பத்து மன்றங்கள், ஒரு வரைபடம்: கிரேட்டர் மான்செஸ்டரின் நடை, சைக்கிள் திட்டம்

சைக்கிள் பாதைத் திட்டம் என்றதும் கோடுகள்தான் நினைவுக்கு வரும். ஊர் வரைபடத்தின் மேல் பச்சையில் நான்கைந்து கோடுகள், ஓரத்தில் "உத்தேசப் பாதை" என்று ஒரு குறிப்பு. பல ஊர்களில் அந்தக் கோடுகள் அலுவலக அலமாரியிலேயே மக்கிப்போகின்றன. இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் வட்டாரம் 2018இல் இந்த வேலையை மறுமுனையிலிருந்து தொடங்கியது. மக்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்று கேட்பதற்கு முன்பு, எந்த இடத்தில் அவர்களால் சாலையைக் கடக்க முடியவில்லை என்று கேட்டது. வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வரிசைமாற்றம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பின்னால் வந்த பணம், பொறியியல், சண்டை எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

யாருடைய சாலை?

கிரேட்டர் மான்செஸ்டர் ஒரே ஊர் அல்ல. போல்ட்டன், பரி, மான்செஸ்டர், ஓல்டம், ராச்டேல், சால்ஃபோர்ட், ஸ்டாக்போர்ட், டேம்சைட், டிராஃபோர்ட், விகன் என்று பத்து உள்ளாட்சி மன்றங்கள். மொத்த மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 28 லட்சம். பத்தையும் சேர்த்து 2011இல் ஓர் ஒருங்கிணைந்த ஆணையம் அமைந்தது. 2017 மே மாதம் முதல் மேயர் தேர்தல் நடந்து ஆண்டி பர்னம் வென்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று புரிய வேண்டும். மேயருக்குச் செல்வாக்கு உண்டு, சாலை கிடையாது. உள்ளூர்ச் சாலைகள் அந்தந்த மன்றத்தின் பொறுப்பு. மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலைகள் தேசிய நிறுவனத்திடம் இருக்கின்றன. சிக்னல் விளக்குகளைப் பத்து மன்றங்களுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது வட்டாரப் போக்குவரத்து நிறுவனம். ஆகவே ஒரு தெருமுனையில் பாதசாரி சிக்னல் ஒன்று வைப்பதற்கே கோப்பு குறைந்தது இரண்டு அலுவலகங்களைச் சுற்றி வர வேண்டும். இரண்டு மன்றங்களின் எல்லையில் அந்த முனை அமைந்துவிட்டால் மூன்று. மான்செஸ்டருக்கும் சால்ஃபோர்டுக்கும் நடுவில் இர்வெல் ஆறுதான் எல்லை. இக்கரையில் இருப்பவர் அக்கரைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடுவார், கோப்பு அவ்வளவு வேகமாக நடக்காது.

2017 ஜூலையில் பர்னம், கிறிஸ் போர்ட்மேனை நடை மற்றும் சைக்கிள் ஆணையராக நியமித்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்றவர். பந்தய வீரரை ஆணையராக்கினால் வேகமாக ஓட்டுபவர்களுக்கான திட்டம்தான் வரும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் வெளியிட்ட 'மேட் டு மூவ்' அறிக்கை 15 நடவடிக்கைகளைப் பட்டியலிட்டது, பத்தாண்டுகளுக்கு 150 கோடி பவுண்டு கேட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுண்டைச் சற்றே தாண்டும். அவர் மேடைக்கு மேடை சொன்ன கணக்கு வேறொன்று. இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 25 கோடி கார் பயணங்கள் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவானவை. கால் மணி நேர நடை, சைக்கிளில் ஐந்து நிமிடம்.

அந்த ஒரு கிலோமீட்டருக்கு ஏன் காரை எடுக்கிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் கிடக்கும் ஒரே ஒரு பெரிய சாலை என்று சொன்னால் பொறியாளருக்கு வேலை இருக்கிறது.

பேனாவும் மேசையும்

இங்கிலாந்து அரசு 2017இலேயே உள்ளாட்சிகளுக்கு ஒரு வழிகாட்டி தந்திருந்தது. நடை, சைக்கிள் கட்டமைப்புத் திட்டத்தை எப்படித் தயாரிப்பது என்று ஆறு கட்டங்களாக அது விளக்குகிறது. எல்லை வகுப்பது, தரவு சேர்ப்பது, சைக்கிள் வலைப்பின்னல், நடை வலைப்பின்னல், முன்னுரிமை, பிற திட்டங்களோடு இணைப்பது. ஒழுங்கான ஆவணம்தான். அதில் சைக்கிளும் நடையும் வெவ்வேறு கட்டங்களில் வருவதைக் கவனியுங்கள். நடைமுறையில் சைக்கிள் ஓர் ஆலோசகரிடமும் நடைபாதை இன்னொரு பிரிவிடமும் போய், இரண்டு வரைபடங்களாக வெளிவர அது இடம்கொடுத்துவிடுகிறது.

வழிகாட்டியோடு ஒரு கணினிக் கருவியும் கைகொடுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு எங்கே, வேலை எங்கே என்று பதிவானதை எடுத்துக்கொண்டு, எந்தச் சாலையில் எத்தனை பேர் சைக்கிளில் போகக்கூடும் என்று மதிப்பிட்டுக் காட்டும் கருவி. நல்ல கருவி, இலவசம், நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல். அதன் அடித்தளமோ 2011 கணக்கெடுப்பின் வேலைப் பயணங்கள். இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பயணம் மொத்தப் பயணங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மருந்துக் கடைக்குப் போகும் பாட்டி, பூங்காவுக்குப் போகும் பிள்ளைகள், அக்கா வீட்டுக்குப் போகும் தங்கை யாரும் அந்தப் பதிவில் இல்லை. பின்னர் பள்ளிப் பயணங்கள் சேர்க்கப்பட்டன, மற்றவை இன்னும் வெளியேதான். இருக்கும் பயணத்தை அளந்து கோடு போட்டால், பயந்து போகாமல் இருந்துவிட்ட பயணம் வரைபடத்தில் ஏறாது.

போர்ட்மேனுடன் பணியாற்றிய பொறியாளர் பிரையன் டீகன் உருவாக்கிய முறை இதைவிட எளிமையானது. பத்து மன்றங்களிலும் தனித்தனியே கூடினார்கள். மேசை நிறைய விரித்த ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம்) வரைபடம், வண்ணப் பேனாக்கள். சுற்றிலும் மன்றத்தின் பொறியாளர்கள், அந்தப் பகுதியில் தினமும் நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள்.

முதல் வேலை, தடுப்புக் கோடுகளைக் குறிப்பது. நெரிசலான பெரிய சாலைகள், ரயில் பாதை, ஆறு, கால்வாய், மோட்டார்வே. லெவன்ஷூம் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே ஏ6 என்ற ஸ்டாக்போர்ட் சாலை ஓடுகிறது. கடைகளும் அதில்தான், பஸ்களும் அதில்தான், நகரத்துக்குப் போகும் கார்களும் அதில்தான். பேனா அந்தச் சாலையின் மேல் ஓடியதும் லெவன்ஷூம் இரண்டு துண்டாகிறது. ரயில் பாதையின் மேல் ஓடினால் இன்னும் துண்டாகிறது. வட்டாரம் முழுவதும் இப்படிச் செய்து முடித்தால் மிஞ்சுவது சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தெருக்கள் ஓரளவு அமைதியானவை, நடக்கலாம், ஓட்டலாம். கட்டத்தை விட்டு வெளியே போவதில்தான் சிக்கல்.

இரண்டாவது வேலை, அந்தக் கோடுகளை மக்கள் எங்கே கடக்கிறார்கள், கடக்க வசதி இருந்தால் எங்கே கடப்பார்கள் என்று புள்ளி வைப்பது. எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத செய்தி மேசைக்கு வந்து சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே எந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடிக் கடக்கிறார்கள் என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். மூன்றாவதாக, புள்ளிகளை அமைதியான தெருக்கள் வழியாக இணைத்தால் வலைப்பின்னல் தானாகவே விழுகிறது. கோடு கடைசியாக வருகிறது.

இந்த முறையில் எனக்குப் பிடித்த அம்சம், இதில் நடைக்கும் சைக்கிளுக்கும் தனித்தனி வரைபடம் தேவைப்படாமல் போனது. பெரிய சாலை இருவரையும் ஒரே இடத்தில்தான் தடுக்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுக்காரருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே இடம்தான் பிரச்சினை. தரத்துக்கான உரைகல்லும் அப்படியே வைக்கப்பட்டது. ஓரளவு சைக்கிள் ஓட்டத் தெரிந்த 12 வயதுப் பிள்ளை தனியாகப் போவதற்கு ஏற்றதா? இரட்டைக் குழந்தைகளை உட்காரவைத்த அகலமான தள்ளுவண்டி நுழையுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் அது வழித்தடம்.

அந்தத் தள்ளுவண்டி உரைகல் முதலில் வம்புக்கு இழுத்தது புதுப் பாதைகளை அல்ல, பழைய பாதைகளை. மூடப்பட்ட ரயில் தடத்தின் மேல் அமைந்த ஃபாலோஃபீல்டு லூப் போன்ற, கார் வராத பாதைகள் இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே உண்டு. எந்த வரைபடத்திலும் அவை 'இருக்கும் பாதை' என்று தடித்த கோடாகவே வரும். நேரில் போனால் இப்படிப்பட்ட பாதைகள் பலவற்றின் வாசலில் மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க வைத்த இரும்புச் சட்டம் நிற்கும். அது மோட்டார் சைக்கிளை எவ்வளவு தடுக்கிறதோ தெரியாது, சக்கர நாற்காலியையும் சுமை சைக்கிளையும் உறுதியாகத் தடுக்கும். வரைபடம் தயாரிப்பவர் ஒவ்வொரு கோட்டோடும் 'வாசல் எப்படி' என்று ஒரு குறிப்பு வைக்காவிட்டால், அந்தப் பாதை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது எப்போதுமே தெரியாது.

வெளிவந்த வரைபடம்

2018 ஜூனில் 'பீலைன்ஸ்' என்ற பெயரில் முதல் வரைபடம் வெளியானது. பத்து மன்றங்களும் ஒரே தாளில். 1,000 மைலுக்கு மேல் வழித்தடங்கள், 1,400 புதிய கடக்குமிடங்கள், பெரிய சாலைகளில் காரிலிருந்து பிரித்துக் கட்டப்படும் 75 மைல் சைக்கிள் பாதை. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் திட்டத்தின் போக்கு புரியும். ஆயிரம் மைலில் பிரித்துக் கட்ட வேண்டியது 75 மைல் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும் சந்துகளும் தெருக்களும். காசு அதிகம் போவது கடக்குமிடங்களுக்கும் அந்த 75 மைலுக்கும்தான்.

இணையத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கில் வந்தது. 'பீ' என்றால் ஆங்கிலத்தில் தேனீ. வட்டாரத்தின் அடையாளமான உழைக்கும் தேனீ 1842இலிருந்து மான்செஸ்டரின் நகரச் சின்னத்தில் இருப்பது. 2017 மே 22 அன்று மான்செஸ்டர் இசை அரங்கில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு ஊர்ச் சுவர்கள் முழுக்க அதுதான். வலைப்பின்னலுக்கும் விரைவிலேயே 'பீ நெட்வொர்க்' என்ற பெயர் நிலைத்தது. 2020 ஜனவரியில் வந்த முதலீட்டுத் திட்டத்தில் அது 1,800 மைலாக வளர்ந்திருந்தது. கடக்குமிடங்களின் எண்ணிக்கையும் 2,400க்கு ஏறியது.

அளவு பெருத்ததைப் பார்த்து மகிழ்வதா என்று எனக்குச் சந்தேகம். உத்தேசக் கோட்டைக் கூட்டுவதற்குச் செலவில்லை. ஆனாலும் இந்த வரைபடம் காசு வருவதற்கு முன்பே ஊருக்கு முன் விரிக்கப்பட்டது என்பதற்கு அரசியலில் மதிப்பு உண்டு. ஒரே ஒரு சாலையில் சைக்கிள் பாதை போடுகிறோம் என்றால் அந்தச் சாலைக்காரர்கள் "எங்கள் சாலையை ஏன் எடுத்தீர்கள்?" என்பார்கள். எல்லாக் கட்டங்களும் தெரியும் வரைபடத்தை வைத்தால் கேள்வி "எங்கள் பகுதிக்கு எப்போது?" என்று மாறிவிடுகிறது. விகனில் இருப்பவரும் டேம்சைடில் இருப்பவரும் ஒரே தாளில் தங்கள் தெருவைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது.

காசு என்று பார்த்தால், லண்டனிலிருந்து வட்டாரத்துக்கு வந்த நகரப் போக்குவரத்து நிதியில் 16 கோடி பவுண்டை மேயர் இதற்கென்று ஒதுக்கினார். மன்றங்கள் திட்டம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்ட 150 கோடிக்கும் கையிலிருந்த 16 கோடிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மன்றங்கள் கொண்டுவந்த திட்டங்களின் மதிப்பு ஒதுக்கீட்டைப் பலமடங்கு தாண்டிப் போனது. கோடு போட்ட வேகத்தில் கட்ட முடியவில்லை என்ற குறை அடுத்தடுத்த ஆண்டுகளில் எழுந்தது நியாயம்தான். போட்டி முறையில் நிதி கொடுத்தால் வடிவமைப்பாளர்கள் ஏற்கெனவே இருக்கும் மன்றம் முந்தும், ஆள் இல்லாத மன்றம் பிந்தும். எல்லாருக்கும் ஒரே வரைபடம் என்ற வாக்குறுதியை நிதி முறையே மெல்ல அரித்துவிடும்.

புள்ளியைக் கட்டுவது

காகிதத்தில் ஒரு புள்ளி. தரையில் அது என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்.

முதலாவது பெரிய சந்திப்பு. 2020 கோடையில் மான்செஸ்டரின் ஹல்ம் பகுதியில் ராய்ஸ் சாலையும் சோர்ல்ட்டன் சாலையும் சந்திக்கும் இடத்தில் புதுவகைச் சந்திப்பு ஒன்று திறக்கப்பட்டது. போக்குவரத்து நிறுவனத்தின் பொறியாளர்கள் ரிச்சர்ட் பட்லரும் ஜானதன் சால்ட்டரும் வடிவமைத்தது, 'சைக்ளாப்ஸ்' என்று பெயர். சந்திப்பைச் சுற்றி வெளிவட்டமாகச் சைக்கிள் தடம். அதற்கு உள்ளே பாதசாரிகள் கடக்கும் கோடுகள். சைக்கிளில் வருபவர் வட்டத்தோடு போனால் இடப்பக்கம் திரும்ப வாகன சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வலப்பக்கம் திரும்பக் கார்களின் நடுவே போய் நிற்க வேண்டியதும் இல்லை. பாதசாரிகளுக்கும் சைக்கிளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுகிறது, கார்கள் எல்லாப் பக்கமும் நிற்கின்றன. பாதசாரிகள் உள்வட்டத்தில் இருப்பதால் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது, மூலைவிட்டமாகக்கூடக் கடக்க வடிவமைக்க முடிகிறது. ஒரு புள்ளிக்கு இவ்வளவு வேலை.

இரண்டாவது இதற்கு நேர்மாறு, சின்னப் பக்கத்தெரு முனை. பெரிய சாலையோரமாக நடந்து போகும் ஒருவரைத் தொடர்ந்து போங்கள். வரிசை வீடுகள் கொண்ட இங்கிலாந்து ஊர்களில் சில பத்து மீட்டருக்கு ஒரு பக்கத்தெரு வாய் திறக்கும். அங்கே நடைபாதை முடிகிறது, விளிம்பு இறங்குகிறது, திரும்பி வரும் காரைத் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இப்படிப் பத்து வாய்களைக் கடக்க வேண்டியிருக்கும். 'பாதையைக் கட்டிவிட்டோம்' என்று சொல்லும் வரைபடம் எதிலும் இந்த வாய்கள் தெரியாது.

தீர்வு எளிது போலத்தான் தெரியும். வாயில் வெள்ளைப் பட்டைகளைத் தீட்டி ஜீப்ரா கோடு போட்டுவிடலாமே? ஐரோப்பாவின் பல நாடுகளில் அப்படித்தான். இங்கிலாந்து விதிப்படி ஜீப்ரா கோடு என்றால் இரு பக்கமும் கம்பத்தின் மேல் மினுக்கும் மஞ்சள் உருண்டை வேண்டும், இருபுறச் சாலையிலும் வளைந்து நெளியும் எச்சரிக்கைக் கோடுகள் வேண்டும். அதற்கு மின்சாரம், குழி தோண்டல் என்று செலவு பட்டைகளின் விலையைப் போலப் பல மடங்காகிறது. சிறு தெருவுக்கு யார் அவ்வளவு செலவழிப்பார்கள்? ஆகவே விளக்கில்லாத, வெறும் பட்டை மட்டும் கொண்ட ஜீப்ராவைப் பக்கத்தெருக்களில் சோதித்துப் பார்க்க கிரேட்டர் மான்செஸ்டர் ஆய்வு நடத்தியது. போர்ட்மேன் இதை விடாமல் வாதாடினார். 2022 ஜனவரி 29 முதல் நெடுஞ்சாலை விதித்தொகுப்பே மாறியது. தெருமுனையில் கடக்கக் காத்திருப்பவருக்குத் திரும்பும் வாகனம் வழிவிட வேண்டும் என்று அது இப்போது சொல்கிறது. சொல்வதும் தார்மேல் பட்டை கிடப்பதும் ஒன்றல்ல. கடக்கக் காத்திருப்பவரின் கண்ணுக்கு விதித்தொகுப்பு தெரிவதில்லை, பட்டை தெரியும்.

அமைதித் தெரு என்ற ஊகம்

முறையின் பலவீனம் எங்கே இருக்கிறது என்றால், கட்டங்களுக்குள் இருக்கும் தெருக்கள் அமைதியானவை என்ற ஊகத்தில். ஏ6இல் நெரிசல் என்று வழிகாட்டிச் செயலி சொன்னதும் ஓட்டுநர்கள் பக்கத்தெருவில் நுழைகிறார்கள். 'அமைதி வழி' என்று வரைபடம் காட்டும் தெருவில் காலை எட்டரை மணிக்குக் கார்கள் வரிசை. அதை அமைதியாக்க வேண்டுமானால் தெருவின் ஒரு முனையைக் காருக்கு மூட வேண்டும், செடித்தொட்டியோ கம்பமோ வைத்து. சைக்கிளும் நடப்பவரும் போகலாம், கார் சுற்றிப் போக வேண்டும்.

லெவன்ஷூமில் குடியிருப்பாளர் குழு ஒன்றே முன்வந்து இப்படி ஒரு திட்டத்தைக் கேட்டது. 2021 ஜனவரியில் சோதனை தொடங்கியது. ஆதரவும் எதிர்ப்பும் தெருவுக்குத் தெரு மாறியது. மூடிய தெருக்காரர்களுக்கு நிம்மதி, அடுத்த தெருக்காரர்களுக்கு அங்கிருந்து தள்ளப்பட்ட கார்கள். அந்தக் கூட்டங்களின் மேசையில் எந்தச் சண்டையும் கிளப்பாத மெல்லிய கோடு, தரையில் செடித்தொட்டியாக இறங்கும்போது ஊரைப் பிரித்துவிடுகிறது. சந்திப்பைக் கட்டும்போது வரும் புகார் 'ஆறு மாதம் தோண்டுகிறார்கள்' என்பது. தெருவை மூடும்போது வரும் புகார் 'என் வீட்டுக்கு நான் சுற்றி வர வேண்டியிருக்கிறது' என்பது. பின்னது எப்போதும் கடுமையானது.

பெயர் மாறிய பின்

போர்ட்மேன் 2022இல் நாடு முழுவதற்குமான நடை, சைக்கிள் அமைப்பின் தலைமைக்குப் போனார். அந்த ஆண்டு மே மாதம் அவர் இடத்துக்கு வந்தவர் பாராலிம்பிக் வீராங்கனை சாரா ஸ்டோரி. நவம்பரில் அவர் முன்னவரின் திட்டத்தை மறுபார்வை செய்து வெளியிட்டார். சக்கர நாற்காலியில் போவோர் உள்பட யாரையும் விட்டுவிடாமல் எண்ண வேண்டும் என்பது அவருடைய முதன்மைக் கவலைகளில் ஒன்று.

இதற்கிடையே 'பீ நெட்வொர்க்' என்ற பெயர் பஸ்ஸில் ஏறிவிட்டது. 2023 செப்டம்பர் 24 அன்று போல்ட்டன், விகன் பகுதிகளிலும் சால்ஃபோர்ட், பரியின் சில இடங்களிலும் தனியாரிடமிருந்து வட்டாரக் கட்டுப்பாட்டுக்கு வந்த மஞ்சள் பஸ்கள் ஓடத் தொடங்கின. 2024 மார்ச்சில் ஓல்டமும் ராச்டேலும் சேர்ந்தன, 2025 ஜனவரி 5இல் மொத்த வட்டாரமும். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் கண்ணில் படுவது மஞ்சள் பஸ். நடை வரைபடத்துக்காகப் போராடியவர்களில் சிலருக்கு இது வருத்தமாக இருக்கலாம். எனக்கு இதில் ஒரு லாபம் தெரிகிறது. இருவழிச் சாலையில் போகும் போது ஏறும் நிறுத்தம் ஒரு பக்கம், வரும்போது இறங்கும் நிறுத்தம் எதிர்ப்பக்கம். ஆகவே பஸ்ஸில் போய்வரும் ஒவ்வொருவரும் அந்தப் பெரிய சாலையை, போகும்போதோ வரும்போதோ, ஒருமுறை கடந்தே ஆக வேண்டும். 2018இன் மேசைகளில் வைத்த கடக்குமிடப் புள்ளிகளை எடுத்து, பஸ் நிறுத்தங்களின் வரைபடத்தோடு சேர்த்துப் பாருங்கள். பயணிகள் அதிகம் இறங்கும் நிறுத்தத்துக்கு எதிரே இன்னும் கட்டாத புள்ளி ஒன்று கிடந்தால், அடுத்த தவணைப் பணம் அங்கேதான் போக வேண்டும்.